குழந்தைத் தோட்டம்: ஒரு சொல்லின் வரலாறு

சிறுவன் மார்க்கண்டேயனைக் கூற்றுவனிடமிருந்து ஈசன் மீட்ட தலம் எனப் போற்றப்படுவது திருக்கடையூர். அவ்வூர்ப் பெற்றோர் நாவிலும் இன்று ‘எல்.கே.ஜி.’ பயின்று வருகிறது. அதன் பின்னிரண்டு எழுத்துகளும் ‘கிண்டர்கார்டன்’ என்னும் செருமானியச் சொல்லின் சுருக்கமே.

‘கிண்டர்’ என்பது குழந்தைகள். ‘கார்டன்’ என்பது தோட்டம். பிளாங்கன்பர்க்கில் 1837இல் தாம் நிறுவிய விளையாட்டு நிலையத்திற்கு ஃபிரோபெல் 1840இல் சூட்டிய பெயர் இது. செடி தன்னியல்பால் வளரும். தோட்டக்காரன் பேணுவான் என்பதே உட்கருத்து. 1851இல் பிரசிய அரசு இப்பள்ளிகளைத் தடைசெய்தது. மறு ஆண்டில் ஃபிரோபெல் மறைந்தார். 1860இல் தடை நீங்குமுன்னரே, புலம்பெயர்ந்த செருமானியர் வழியாகச் சொல் ஆங்கிலத்தில் வேரூன்றிவிட்டது.

திருக்கடையூருக்கு அண்மையிலுள்ள தரங்கம்பாடியில் செருமானியரான சீகன்பால்கு 1706இலேயே வந்திறங்கித் தமிழ் கற்றார். எனினும் இச்சொல் அக்கரை வழியே வரவில்லை. ஒரு நூற்றாண்டிற்கும் மேல் கழித்துப் பிறந்து, ஆங்கிலத்தைச் சுற்றியே தமிழகம் சேர்ந்தது.

இக்கருத்து தமிழுக்குப் புதிதன்று. பிள்ளை, குழவி, கன்று என்னும் இளமைப் பெயர்கள் ஓரறிவுயிராகிய மரஞ்செடிகளுக்கும் பொருந்துமெனத் தொல்காப்பிய மரபியல் வகுத்துள்ளது. தென்னம்பிள்ளை இன்றும் உழவர் வழக்கு. அவ்வாறிருக்க, தோட்டத்தை ஓரெழுத்தாகச் சுருக்கியதோடு அமையாமல், நான்கு வயது நிரம்பாத குழந்தையைத் தேர்வுக்கு அமர்த்துவதும் அப்பெயராலேயே நிகழ்கிறது.

பருவம் வாராத நாற்றைப் பறித்து நடும் உழவர் காவிரிப் படுகையில் இலர்.