வீடுகளும் குழந்தைகளும்: சுவீடனிற் பகற்பராமரிப்பு இடங்கள் திட்டமிடப்பட்ட வரலாறு

புதிய குடியிருப்பொன்றை அமைக்க முற்படும் அரசு வீதி, குடிநீர், பாடசாலை ஆகியவற்றை முன்கூட்டியே கணக்கிடுகின்றது. பாடசாலை வயதை எட்டாத குழந்தைகள் பகற்பொழுதை எங்கே கழிப்பர் என்ற வினாவோ பெரும்பாலும் இறுதியிலேயே எழுகின்றது. அதற்கான விடையைத் தாயே தேடிக்கொள்வாள் என்ற எடுகோள் இதன் பின்னே மறைந்துள்ளது. இவ்வெடுகோள் படிப்படியாகக் கைவிடப்பட்ட வகையைச் சுவீடனின் வரலாறு தெளிவாகக் காட்டுகின்றது.

1854 இல் ஸ்ரொக்ஹோம் நகரிலே, வேலைக்குச் செல்லும் வறிய தாய்மாரின் குழந்தைகளுக்காக முதலாவது பகற்காப்பகம் திறக்கப்பட்டது. அது தரும சிந்தையாற் பிறந்த நிறுவனம். வசதி படைத்தோரின் பிள்ளைகள் பிற்காலத்திலே, ஜேர்மனியக் கல்வியாளர் புரோபலின் கொள்கையைத் தழுவிய பாலர் பள்ளிகளுக்கு நாளிற் சில மணி நேரம் சென்றுவரலாயினர். ஒன்று தருமம், மற்றையது கல்வி. எத்தனை இடங்கள் தேவை எனக் கணக்கிடும் பொறுப்பு இவ்விரண்டு மரபுகளிலும் அரசுக்கு இருக்கவில்லை.

இந்நிலையை 1930 களில் வினாவுக்குட்படுத்தியோருள் அல்வா மிர்டால் முதன்மையானவர். பிறப்பு வீதம் வீழ்ச்சியுற்றிருந்த அக்காலத்தில், அவரும் கணவர் குன்னார் மிர்டாலும் 1934 இல் குடித்தொகை நெருக்கடி பற்றிய நூலொன்றை வெளியிட்டனர். பிள்ளை வளர்ப்பின் சுமையைச் சமூகம் பகிர்ந்துகொள்ளவேண்டும் என்பது அவர்களது வாதம். அடுத்த ஆண்டில், கட்டடக் கலைஞர் மார்க்கேலியஸ் வடிவமைத்த கூட்டு வாழ்வுத் தொடர்மாடியொன்று ஸ்ரொக்ஹோமில் எழுந்தது. ஐம்பதுக்கு மேற்பட்ட வீடுகளைக் கொண்ட அக்கட்டடத்திற் குழந்தைகள் காப்பகமும் உணவகமும் அமைந்திருந்தன. வீட்டைத் திட்டமிடும்போதே குழந்தைக்கும் இடம் ஒதுக்கும் எண்ணம் இங்கே உருப்பெற்றது. எனினும் அதன் பயனைப் பெற்றோர் பெரும்பாலும் கற்ற நடுத்தர வகுப்பினரே.

இவ்வெண்ணம் பெருந்திரளான மக்களுக்கு எட்டவேண்டிய தருணம் 1965 இல் வந்தது. பத்தாண்டுகளிற் பத்து இலட்சம் வீடுகளைக் கட்டும் திட்டத்தை அரசு ஆரம்பித்தது. 1974 அளவில் அவ்விலக்கு எய்தப்பட்டது. ஆனால், வீடுகளின் வேகத்திற்கு ஏனைய வசதிகள் ஈடுகொடுக்கவில்லை. ஸ்ரொக்ஹோமின் புறநகரான ரென்ஸ்ராவிற் குடியேற்றம் 1967 இல் தொடங்கியது. நிலக்கீழ்ப் புகையிரதமோ 1975 இலேயே அங்கு வந்துசேர்ந்தது. அதே காலப்பகுதியிற் பெண்கள் பெருந்தொகையாகத் தொழிலுக்குச் சென்றனர். கணவன் மனைவியரின் ஊதியத்திற்குத் தனித்தனியே வரி விதிக்கும் முறை 1971 இல் நடைமுறைக்கு வந்தமை இதனை மேலும் ஊக்குவித்தது. 1968 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, தருமமும் கல்வியுமாகப் பிரிந்துகிடந்த இரு மரபுகளையும் முன்பள்ளி என்ற ஒன்றிலே இணைக்குமாறு 1972 இல் விதந்துரைத்தது.

1976 இற் பாராளுமன்றம் ஐந்தாண்டுகளில் 1,00,000 புதிய பகற்பராமரிப்பு இடங்களை ஏற்படுத்தத் தீர்மானித்தது. அவ்விலக்கு உரிய காலத்தில் எட்டப்படவில்லை. பதினெட்டு மாதம் நிரம்பிய, பெற்றோர் தொழில்புரியும் அல்லது கல்விகற்கும் குழந்தைகள் அனைவருக்கும் 1991 அளவில் இடம் வழங்கப்படும் என 1985 இல் மற்றுமொரு தீர்மானம் நிறைவேறியது. அதுவும் தவறியது. 1983 இல் ஏறத்தாழ 92,000 ஆக இருந்த பிறப்புகள் 1990 இல் ஏறத்தாழ 1,24,000 ஆக உயர்ந்தமை இதற்கொரு காரணம். மேலும், இடங்கள் கிடைக்கும் என்ற நம்பிக்கையே இன்னும் பல தாய்மாரைத் தொழிலுக்கு இட்டுச் செல்லும். ஆகவே, இன்றைய காத்திருப்போர் பட்டியலை மாத்திரம் பார்த்து நாளைய தேவையைக் கணிக்க முடியாது.

இவ்விடத்தில் 1995 ஆம் ஆண்டுச் சட்டத்தின் முக்கியத்துவம் புலப்படும். தொழில்புரியும் அல்லது கல்விகற்கும் பெற்றோரின் பிள்ளைகளுக்கு, நியாயமற்ற தாமதமின்றி இடம் வழங்குதல் உள்ளூராட்சி சபைகளின் கடமை என அது விதித்தது. முன்னைய தீர்மானங்கள் எண்ணிக்கையை இலக்காகக் கொண்டன. இச்சட்டமோ குடும்பத்திற்குச் சபை ஆற்றவேண்டிய கடமையை வரையறுத்தது. எண்ணிக்கை தவறியபோது சுமந்தவள் தாய். கடமை தவறினாற் பதில் கூறவேண்டியது சபை. 2002 இற் கட்டணத்திற்கு உச்சவரம்பு இடப்பட்டமையால், இடம் இருந்தும் பணமின்மையால் அதனைப் பெறமுடியாத நிலையும் பெரிதும் குறைந்தது.

இதனாற் கணிப்பின் தவறுகள் ஒழிந்துவிட்டன என்பதற்கில்லை. 2023 இற் சுவீடனின் பிறப்புகள் ஏறத்தாழ 1,00,000 ஆகக் குறைந்தன. முன்னர் இடம் போதாது என வருந்திய நாட்டிலே சில சபைகள் முன்பள்ளிகளை மூடவும் நேர்ந்துள்ளது. குடித்தொகைக் கணிப்பு எக்காலத்திலும் பிழைபடக்கூடியதே. அப்பிழையின் விலையைச் செலுத்துவோர் யார் என்பதே திட்டமிடலின் அடிப்படை வினாவாகும். அவ்விலையைத் தாயிடமிருந்து பொதுநிறுவனத்திற்கு மாற்றுவதற்கு, 1934 முதல் 1995 வரை, ஒரு நாட்டிற்கு அறுபதாண்டுகளுக்கு மேற் சென்றன. வளரும் நகரங்களை ஆராய்வோர், கட்டிமுடித்த வீடுகளை எண்ணுவதோடு நின்றுவிடலாகாது என்பதை இவ்வரலாறு உணர்த்துகின்றது.