தளபதிகளும் தாமதித்த நீதியும்

புதுச்சேரியின் வரலாற்றைப் புரட்டுவோர், லாலி என்னும் படைத்தலைவரைக் கடந்து செல்ல இயலாது. 1758இல் பிரெஞ்சுப் படைகளுக்குத் தலைமையேற்று இந்நகரில் வந்திறங்கிய அவர், சில வாரங்களிலேயே கடலூரை அடுத்த ஆங்கிலேயரின் தேவனாம்பட்டினக் கோட்டையைக் கைப்பற்றினார். ஏற்றம் அத்துடன் நின்றது. பணமுடையும், நகர அதிகாரிகளுடன் ஓயாத பூசலும், அவருடைய கடுஞ்சினமும் படையைத் தளர்த்தின. 1759இல் சென்னை முற்றுகை பயனற்றுப் போயிற்று. 1760இல் வந்தவாசிப் போரில் தோற்றார். 1761 ஜனவரியில், பசியால் வாடிய புதுச்சேரி சரணடைந்தது. ஆங்கிலேயர் நகரையே இடித்துத் தள்ளினர்.

தோல்விக்குப் பொறுப்பாளிகள் பலர், தண்டனையோ ஒருவருக்கே. லண்டனில் போர்க்கைதியாயிருந்த லாலி, பழியைத் துடைக்கத் தாமே முன்வந்து பாரிஸ் சென்றார். மன்னரின் நலனைக் காட்டிக்கொடுத்தார் என்று தீர்ப்பாயிற்று. 1766 மே 9 அன்று, வாயைக் கட்டித் தலையைத் துண்டித்தனர். அறிஞர் வால்டேரும் லாலியின் மகனும் போராடியதன் பின், 1778இல் அத்தீர்ப்பு செல்லாதென்று அறிவிக்கப்பட்டது.

இதைப் படிக்குங்கால், சோவியத் தளபதி துகாச்செவ்ஸ்கி நம் நினைவில் எழுகிறார். புரட்சிக்குப் பிந்திய உள்நாட்டுப் போரில் புகழ்பெற்று, 1935இல் 42ஆம் வயதில் மார்ஷல் பதவி எய்தியவர் அவர். 1937 ஜூனில், துரோகியென்று பொய்க்குற்றம் சுமத்தி, மூடிய மன்றத்தில் ஒரே நாளில் விசாரித்துச் சுட்டுக் கொன்றனர். அவர் குற்றமற்றவரென்று 1957இல் அறிவித்தனர்.

லாலி குறையற்றவரென்று நாம் வாதிடவில்லை. ஆயினும் குறையுடையவர் வேறு, துரோகி வேறு. அவ்வேற்றுமையை உணர ஒரு நாட்டுக்குப் 12 ஆண்டுகளும், மற்றொன்றுக்கு 20 ஆண்டுகளும் பிடித்தன. உரியவர்கள் அதைக் கேட்க உயிரோடில்லை.