முதுமையுற்ற வாக்காளர் பட்டியல்

“வாக்களித்து ஆவதென்ன?” என்னும் இளையோரின் விரக்திக்குச் சிலி நாட்டு வரலாறு ஒரு பாடம். 1988இல் மக்கள் வாக்குச்சீட்டாலேயே பினோசேயின் இராணுவ ஆட்சிக்கு முடிவு கட்டினர். ஆயினும் அடுத்த தலைமுறை அரசியலை வெறுத்தது. பெயர்ப்பதிவு அவரவர் விருப்பமாக இருந்ததால், இளைஞர் பலர் வாக்காளர் பட்டியலில் சேரவேயில்லை. பட்டியல் முதுமையுற்றது, இளையோர் குறை கேட்கவேண்டிய தேவையும் ஆள்வோருக்குக் குறைந்தது.

2011இல் இலவசக் கல்வி கோரி மாணவர் வீதிக்கு வந்தனர். அவர்தம் தலைவருள் கபிரியேல் போரிக் உள்ளிட்ட சிலர் 2013 தேர்தலில் வென்று நாடாளுமன்றம் புகுந்தனர். 2016இல் வசதி குறைந்த மாணவர்க்குக் கட்டணமில்லா உயர்கல்வி தொடங்கியது. 2021இல் போரிக் அதிபராகத் தேர்வானார். அவர் ஆதரித்த புதிய அரசியலமைப்பையோ 2022இல் மக்கள் நிராகரித்தனர்.

அரசியலில் ஏமாற்றம் ஓய்வதில்லை. எனினும் ஒதுங்கியிருந்த ஆண்டுகளில் கிட்டாத கல்வி, உட்புகுந்தபின் கிட்டியதை நம் இளையோர் எண்ணிப் பார்ப்பார்களாக.