நாற்பதாயிரம் பிரஷ்யர்கள் எங்கே போனார்கள்?

டிசம்பர் கடைசியிலிருந்து ராத்திரி பத்து மணிக்கு மேல் என் மேசையை ஒரு பிரஷ்யப் படை பிடித்துக்கொண்டிருக்கிறது. மொத்தம் 60 பேர். ஆளுக்கு 28 மில்லிமீட்டர் உயரம். எல்லோருக்கும் நீலக் கோட்டு போட்டாகிவிட்டது. மஞ்சள் காலர்தான் இன்னும் பாக்கி.

மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறவர்கள் எல்லோர் வீட்டிலும் ஒரு அட்டைப்பெட்டி இருக்கும். ஆசையாக வாங்கி, வர்ணம் அடிக்காமலே கிடக்கும் பொம்மைகள் அதில் இருக்கும். இந்த வட்டாரத்தில் அதற்கு 'ஈய மலை' என்று பெயர். இப்போது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான், ஆனாலும் பழைய பெயர் போகவில்லை. மலையைக் கொஞ்சம் கரைக்கவே குளிர்கால சவால் என்று ஒன்று வைத்துக்கொள்கிறார்கள். மூன்று மாதத்தில் இத்தனை உருவம் முடிக்கிறேன் என்று ஆளாளுக்கு ஒரு இலக்கு சொல்ல வேண்டும். காலாளுக்கு இவ்வளவு புள்ளி, குதிரைக்கு இவ்வளவு, பீரங்கிக்கு இவ்வளவு என்று கணக்கு உண்டு. பரிசெல்லாம் கிடையாது. முடிக்கவில்லை என்றால் மற்றவர்கள் கேலி செய்வார்கள், அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்தில் ஒருவர் நாற்பது ஆர்க்குகளை எடுத்திருக்கிறார். ஒரு வாரத்தில் பாதி முடித்துவிட்டார். ஆர்க் என்றால் பச்சை. கொஞ்சம் வெளிர்ந்தாலும் கொஞ்சம் கறுத்தாலும் யாரும் கேட்கப்போவதில்லை. நான் 1815-ஆம் ஆண்டின் முதலாம் சிலேசிய லாண்ட்வேர் படைப்பிரிவை எடுத்தேன். எந்தக் காலருக்கு எந்த நிறம் என்று தேடுவதிலேயே ஒரு வாரம் போய்விட்டது. 'சார், அது பொம்மை. தப்பா அடிச்சா யாருக்கு என்ன நஷ்டம்?' என்று ஆர்க் நண்பர் கேட்டார்.

நஷ்டப்பட்ட ஒருவரை எனக்குத் தெரியும். அவர் கதைதான் இது.

முதலில் இந்த லாண்ட்வேர் யார் என்று பார்த்துவிடலாம். நெப்போலியனிடம் அடிபட்டுச் சுருங்கிக் கிடந்த பிரஷ்யா, 1813 மார்ச்சில் ஊர் மக்களைத் திரட்டி உருவாக்கிய படை அது. முழுநேரச் சிப்பாய்கள் கிடையாது. முழங்கால் வரை வரும் நீலக் கோட்டு, தட்டையான துணித் தொப்பி, தொப்பியின் முன்பக்கம் ஒரு சிலுவை. எந்த மாகாணம் என்பது காலரையும் தொப்பிப் பட்டியையும் பார்த்தால் தெரியும். சிலேசியா என்றால் மஞ்சள், வெஸ்ட்ஃபாலியா என்றால் பச்சை. மஞ்சள்தான் பெயிண்ட் அடிப்பவனின் சாபம். கருநீலத்தின்மேல் நேராக மஞ்சள் வைத்தால் அழுக்குப் பச்சையாகத் தெரியும். முதலில் காவி கலந்த பழுப்பு, அது காய்ந்தபின் மஞ்சள், மறுபடி ஒரு கோட்டிங். அறுபது காலருக்கும் அறுபது தொப்பிப் பட்டிக்கும் இதே வேலை.

1815 ஜூன் 18 அன்று இவர்கள் வாட்டர்லூவில் இருந்தார்கள். சரியாகச் சொன்னால், காலையில் இல்லை, சாயங்காலம் வந்தார்கள். இரண்டு நாள் முன்னால், ஜூன் 16 அன்று, லின்யியில் நெப்போலியனிடம் பிரஷ்யப் படை தோற்றிருந்தது. 72 வயதுத் தளபதி புளூஷர் அன்றைக்குத் தன் குதிரைக்கு அடியிலேயே சிக்கிக்கொண்டார். அப்படியும் பின்வாங்கி ஓடாமல் வாவ்ர் பக்கம் ஒதுங்கி, அங்கிருந்து வெல்லிங்டனுக்கு உதவிக்குக் கிளம்பினார்கள். முதல் நாள் ராத்திரி முழுக்க மழை. பாதையெல்லாம் சேறு. பீரங்கிகளைக் கையால் தள்ளிக்கொண்டு வரவேண்டியிருந்தது. அதனால் என் அறுபது பேருக்கும் முழங்கால் வரை சேறு பூசப்போகிறேன். பளபளவென்று சலவை செய்த கோட்டு போட்டு நிற்க வைத்தால் அதுவும் ஒரு பொய்தான்.

மாலை நாலரை மணி வாக்கில் பியூலோவின் நான்காம் கோர் காட்டைவிட்டு வெளியே வந்தது. இலக்கு, நெப்போலியனின் முதுகுப் பக்கம் இருந்த பிளான்ஸ்னுவா என்ற கிராமம். அதைத் தாக்கியவர்களில் ஹில்லர் என்பவரின் பிரிகேடும் ஒன்று. என் சிலேசியர்கள் அதில்தான். இவர்களைத் தடுக்க நெப்போலியன் முதலில் லோபோவின் படையை அனுப்பினார். போதவில்லை, இளம் காவல்படையை அனுப்பினார். அதுவும் போதாமல் பழைய காவல்படையிலிருந்தே இரண்டு பட்டாலியனை எடுத்து அனுப்பினார். அதாவது, வெல்லிங்டனின் நடுப்பகுதியை உடைக்கக் கையில் வைத்திருந்த ஆட்களைக் கிழக்கே திருப்ப வேண்டியதாயிற்று. ஏழு மணிக்குமேல் மிச்சமிருந்த காவல்படையை வெல்லிங்டன் மீது ஏவினார். அது உடைந்தது. பிரிட்டிஷ் கதையில் உச்சக்கட்டம் அதுதான்.

இந்த ஏழு மணியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வில்லியம் சைபார்ன் என்று ஒரு பிரிட்டிஷ் லெப்டினன்ட். வாட்டர்லூவில் சண்டை போட்டவர் இல்லை. நில அளவை, வரைபடம், நிலத்தோற்ற மாதிரி செய்வது, இவைதான் அவர் தொழில். 1822-லும் 1827-லும் இதைப் பற்றிப் புத்தகமே போட்டிருந்தார். 1830-ல் ராணுவத் தலைமை அவரைக் கூப்பிட்டு, வாட்டர்லூ போர்க்களத்தை ஒரு பெரிய மாதிரியாகச் செய்து கொடு என்றது. செலவை அரசாங்கம் தரும். மனிதர் என்ன செய்தார் தெரியுமா? நேராகப் போர்க்களத்துக்கே போய், லா ஹே சாந்த் பண்ணை வீட்டில் எட்டு மாதம் தங்கி, மேடு பள்ளம் எல்லாவற்றையும் அளந்தார்.

நிலத்தை அளந்துவிடலாம். பதினைந்து வருஷத்துக்கு முன்னால் அதன்மேல் நின்ற ஆட்களை எப்படி அளப்பது? போரில் இருந்து உயிரோடு மிஞ்சிய அதிகாரிகளுக்கெல்லாம் அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாலை ஏழு மணி வாக்கில் உங்கள் படை எங்கே நின்றது, எந்த வியூகத்தில் நின்றது, எதிரே எதிரி எப்படி இருந்தான், காலடியில் என்ன பயிர் இருந்தது என்று கேள்விகள். பயிரைக்கூட விடவில்லை! நூற்றுக்கணக்கில் பதில்கள் வந்தன. அவருடைய மகன் 1891-ல் அவற்றில் ஒரு பகுதியைப் புத்தகமாக வெளியிட்டார். இன்று வாட்டர்லூ பற்றி எழுதுகிற யாரும் அந்தக் கடிதங்களைத் தொடாமல் எழுத முடியாது. ஒரு பொம்மைக் களத்துக்காகத் திரட்டிய தரவு, கடைசியில் அந்தப் போரின் மிகப் பெரிய சாட்சித் தொகுப்பாகிவிட்டது.

மாதிரியின் அளவைப் பற்றி ஒரு சின்னக் கணக்கு. (எனக்கு இது பிடிக்கும், பிடிக்காதவர்கள் அடுத்த பத்திக்குப் போகலாம்.) ஒரு மைலுக்கு 9 அடி. அப்படியென்றால் கிட்டத்தட்ட 590-ல் ஒரு பங்கு. அதே விகிதத்தில் மனிதனைச் செய்தால் 3 மில்லிமீட்டர்கூட வரமாட்டான். சைபார்னின் ஈய வீரர்கள் சுமார் 10 மில்லிமீட்டர். ஆளை மூன்று மடங்குக்கு மேல் பெருக்கியாயிற்று. அப்போது நிஜ எண்ணிக்கை களத்தில் கொள்ளாது. அதனால் ஒரு பொம்மைக்கு இரண்டு வீரர்கள் என்று வைத்துக்கொண்டார். அப்படியும் சுமார் 75,000 பொம்மைகள். எனக்கு ஒரு பொம்மைக்கு இருபது பேர், முப்பது பொம்மை சேர்ந்தால் ஒரு பட்டாலியன். இருநூறு வருஷம் ஆகியும் இந்தச் சமரசத்திலிருந்து யாரும் தப்பவில்லை.

இனி தகராறு. பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் கேட்டதுபோலவே சைபார்ன் பெர்லினிலும் கேட்டார். பிரஷ்யத் தலைமையகம் விவரமாகப் பதில் கொடுத்தது. அதை வைத்து மாலை ஏழு மணிக்கு பிரஷ்யர்கள் எங்கே இருந்தார்களோ அங்கே அவர்களை நிறுத்தினார். ஆயிரக்கணக்கில், நெப்போலியனின் பக்கவாட்டில், பிளான்ஸ்னுவாவை நெரித்துக்கொண்டு. களத்தை மேலிருந்து பார்க்கிறவனுக்கு ஒரே பார்வையில் விஷயம் புரிந்துவிடும்: இது இரண்டு படைகள் சேர்ந்து ஜெயித்த போர்.

வெல்லிங்டன் தரப்புக்கு இது ரசிக்கவில்லை. (நீலகிரியில் குன்னூர் பக்கத்து வெல்லிங்டன் ஊருக்குப் பெயர் கொடுத்தவரும் 1799-ல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்தவரும் இவரேதான்.) வேடிக்கை என்னவென்றால், போர் முடிந்த மறுநாள் எழுதிய அறிக்கையில் பிரஷ்யர்கள் சமயத்தில் வந்து உதவியதைத் தாராளமாகவே ஒப்புக்கொண்டவர் இந்த வெல்லிங்டன். இருபது வருஷத்தில் மனிதர் பிரதமராகவும் இருந்து முடித்துவிட்டார், வாட்டர்லூ என்றால் அவர், அவர் என்றால் வாட்டர்லூ என்று ஆகிவிட்டது. அவருடைய ராணுவச் செயலாளராக இருந்த ஃபிட்ஸ்ராய் சாமர்செட், வாட்டர்லூவில் வலது கையை இழந்தவர், சைபார்னுக்கு நெருக்கடி கொடுத்தார்: பிரஷ்யர்கள் இவ்வளவு முன்னால் நிற்கக்கூடாது.

இதற்குள் பணமும் நின்றுபோயிருந்தது. ஆட்சி மாறி, 1833-ல் அரசாங்கம் கையை விரித்துவிட்டது. சைபார்ன் கடன் வாங்கித் தொடர்ந்தார். மொத்தச் செலவு 3,000 பவுண்டு வாக்கில் ஆயிற்று. ஒரு லெப்டினன்ட்டின் சம்பளத்துக்கு அது நினைத்துப் பார்க்க முடியாத தொகை. 1838 அக்டோபரில் லண்டன் பிக்காடிலியில் எகிப்தியன் ஹாலில் கண்காட்சி திறந்தது. தலைக்கு ஒரு ஷில்லிங். சுமார் ஒரு லட்சம் பேர் பார்த்தார்கள். கணக்குப் போட்டால் 5,000 பவுண்டு. ஆனால் லாபம் என்று ஒரு காசு அவர் கைக்கு வந்து சேரவில்லை. மாதிரியை நாட்டுக்கு விற்றுக் கடனை அடைக்கலாம் என்றால், வாங்க வேண்டியவர்கள் யாரை மனம் குளிரவைக்க வேண்டுமோ, அவருக்கே மாதிரி பிடிக்கவில்லை.

கடைசியில் சைபார்ன் இறங்கி வந்தார். பிரஷ்யர்களைப் பற்றித் தான் தவறாகப் புரிந்துகொண்டுவிட்டதாக எழுதிக் கொடுத்து, சுமார் 40,000 பிரஷ்ய வீரர்களைக் குறித்த பொம்மைகளைக் களத்திலிருந்து எடுத்துவிட்டார்.

அந்த வேலையை நான் அடிக்கடி நினைத்துப் பார்க்கிறேன். ஒவ்வொன்றும் ஒரு விரல் நகம் உயரம். வர்ணம் அடித்து, வரிசை பார்த்து ஒட்டியவை. அவற்றைத் தானே பிடுங்கி எடுப்பது! மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு பகுதி பழக்கமானதுதான். டெமோவுக்கு முந்தின நாள் மேலிடம் வந்து, அந்த கிராஃபில் இந்தக் கோடு தெரியாமல் பண்ண முடியுமா என்று கேட்கும். தரவு சரி என்று நமக்குத் தெரியும். மாதக் கடைசியில் கட்ட வேண்டிய தவணையும் தெரியும். இதைப் பெரிய சதி என்று எழுதுகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கடனில் மூழ்கிய ஒரு இளநிலை அதிகாரி, தன்னைவிட ஆயிரம் மடங்கு பெரிய ஒருவரின் புகழோடு மோதிவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. அதற்கு சதி தேவையில்லை.

பொம்மைகளை எடுத்தும் பிரயோஜனம் இல்லை. அரசாங்கம் வாங்கவில்லை. 1844-ல் அவர் எழுதி வெளியிட்ட வாட்டர்லூ வரலாற்றில் பிளான்ஸ்னுவா சண்டையை விரிவாகவே எழுதினார். அதாவது பொம்மையாக எடுத்ததைச் சொல்லாகத் திருப்பி வைத்துவிட்டார். புத்தகத்தைப் பொறுமையாகப் படிக்கிறவன் எத்தனை பேர்? மாதிரியைப் பார்த்தவர்கள் லட்சம் பேர். அதே காலத்தில் இன்னொரு மாதிரியும் செய்தார், பெரிய உருவங்கள் வைத்து. அதில் எடுத்துக்கொண்ட நேரம் மதியம், பிரிட்டிஷ் கனரகக் குதிரைப்படை பாய்ந்த கட்டம். அந்த நேரத்தில் பிரஷ்யர்கள் களத்திலேயே கிடையாது. தகராறுக்கு இடமில்லாத மணி! 1849-ல் கடன் தீராமலே இறந்தார். முதல் மாதிரி இன்று லண்டன் செல்சீயில் தேசிய ராணுவ அருங்காட்சியகத்தில் இருக்கிறது, இரண்டாவது லீட்ஸில். எடுத்த பிரஷ்யர்கள் இன்றுவரை திரும்பவில்லை.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த உறவு ஒன்று உண்டு. வாட்டர்லூ அன்று வெல்லிங்டனின் முகாமில் பிரஷ்யப் பிரதிநிதியாக இருந்தவர் மியூஃப்லிங். பிரஷ்யர்கள் எத்தனை மணிக்கு எங்கே வந்தார்கள் என்று இரண்டு பக்கமும் தெரிந்த ஆள். அவர் பிறகு பெர்லினில் தலைமைப் பணியகத்தின் தலைவரானார். 1824-ல் ரைஸ்விட்ஸ் என்ற இளம் பீரங்கிப்படை அதிகாரி ஒரு விளையாட்டைக் கொண்டுவந்து காட்டினார். 1:8000 வரைபடம், படைகளைக் குறிக்கச் சின்னச் சின்னக் கட்டைகள், அடி விழுந்ததா என்று சொல்லப் பகடை, நடுவர் ஒருவர். அரைமனதோடு பார்க்க உட்கார்ந்த மியூஃப்லிங் கடைசியில் அசந்துபோய், படை முழுவதும் இதைப் பயன்படுத்த வேண்டும் என்று பரிந்துரைத்தார். நாங்கள் ஆடும் எல்லாப் போர் விளையாட்டுக்கும் மூதாதை அதுதான். பாவம், ரைஸ்விட்ஸும் நல்லபடி முடியவில்லை. 1827-ல் தற்கொலை செய்துகொண்டார்.

பெர்லினில் இருந்தது பொம்மை இல்லாத ஆட்டம், லண்டனில் இருந்தது ஆட்டம் இல்லாத பொம்மை. இரண்டையும் பொதுமக்களுக்காக ஒன்று சேர்த்தவர் எச். ஜி. வெல்ஸ். 1893-ல் பிரிட்டன்ஸ் கம்பெனி உள்ளீடற்ற ஈய வார்ப்பைக் கொண்டுவந்து பொம்மையை மலிவாக்கியிருந்தது. அவற்றை வீட்டுத் தரையில் பரப்பி விதிமுறை எழுதி, 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று வெளியிட்டார். அடுத்த வருஷமே நிஜப் போர் வந்துவிட்டது. ஆர்க் நண்பரின் கிளை இன்னும் பின்னால் முளைத்தது. 1971-ல் 'செயின்மெயில்' என்ற இடைக்காலப் போர் விதிப் புத்தகத்தின் பின்னிணைப்பாகத்தான் மந்திரவாதிகளும் டிராகன்களும் உள்ளே நுழைந்தார்கள். அதை எழுதியவர்களில் ஒருவரான கேரி கைகாக்ஸ்தான் 1974-ல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸைக் கொண்டுவந்தார்.

ஆர்க் நண்பரிடம் சைபார்ன் கதையை முழுக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். அப்புறம், 'அப்போ மார்ச்ல நாம ஆடப்போற வாட்டர்லூவில் உங்க ஆளுங்க எத்தனை மணிக்கு வருவாங்க?' என்றார்.

நல்ல கேள்வி. நாங்கள் வைத்திருக்கும் விதிப்படி, ஆறாவது சுற்றிலிருந்து பகடை உருட்டி 5 அல்லது 6 விழுந்தால்தான் பிரஷ்யர்கள் மேசைக்கு வரலாம். துரதிர்ஷ்டம் இருந்தால் ஆட்டம் முடியும்வரை வரவே மாட்டார்கள். போன முறை அப்படித்தான் ஆயிற்று. வெல்லிங்டனாக ஆடியவர் தனியாகவே ஜெயித்துவிட்டு ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தார். இந்த முறை விதியை மாற்றச் சொல்லியிருக்கிறேன்: நாலரை மணிக்கு உரிய சுற்றில் பகடை இல்லாமலே பியூலோ வருவார், பிளான்ஸ்னுவா ஓரத்தில். பிரெஞ்சுத் தரப்பு ஒத்துக்கொள்ளவில்லை. முன்கூட்டியே தெரிந்துவிட்டால் நெப்போலியன் காலையிலேயே அங்கே ஆள் வைத்துவிடுவார் என்கிறார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது. இன்னும் பேசி முடியவில்லை.

நேற்று ராத்திரி இருபத்திரண்டு காலர் முடித்தேன். மஞ்சள் இன்னும் ஒரு கோட்டிங் கேட்கிறது.