தமிழ்நாட்டுப் பள்ளிகளில் இணையவழிக் கற்றலும் கலப்புமுறைக் கற்றலும்

ஆசிரியரும் மாணவரும் ஓரிடத்தில் கூடாமல் இணையத்தின் வழியே பாடம் நடப்பது இணையவழிக் கற்றல். ஒரு பகுதி வகுப்பறையில் ஆசிரியர் முன்னிலையிலும், மறு பகுதி காணொளி, செயலி, கணினிப் பயிற்சி ஆகியவற்றிலும் நடந்தால் அது கலப்புமுறைக் கற்றல். தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளுக்கு இவ்விரண்டும் கொரோனாவோடு வந்தன என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. அது சரியல்ல. மடிக்கணினி, குறியீடு அச்சிட்ட பாடநூல், கணினி ஆய்வகம், கல்வித் தொலைக்காட்சி ஆகிய எல்லாமே 2020 மார்ச்சுக்கு முன்பே வந்துவிட்டன. தனித்தனியாகக் கிடந்த அவற்றை ஒரே ஆண்டில் சேர்த்துப் பயன்படுத்த வேண்டிய கட்டாயம் கொரோனாவால் வந்தது. திரையின் வழியே பாடம் வரும்போது பிள்ளையின் பக்கத்தில் ஒரு பெரியவர் இருந்தாரா என்பதே அது பலித்ததா இல்லையா என்பதைத் தீர்மானித்தது. இந்த வரலாறு நெடுகிலும் அதைக் காணலாம்.

முன்னோடிகள்

வகுப்பறைக்கு வெளியிலிருந்து பாடம் வரும் ஏற்பாட்டை முதலில் கொண்டுவந்தது வானொலி. 1930களின் இறுதியில் சென்னை வானொலி நிலையம் பள்ளிகளுக்கான ஒலிபரப்பைத் தொடங்கியிருந்தது. 1961இல் டெல்லியில் பள்ளித் தொலைக்காட்சி வந்தது. 1975 ஆகஸ்ட் 1 முதல் 1976 ஜூலை 31 வரை, அமெரிக்காவின் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோளைக் கடன் வாங்கி இந்தியா நடத்திய 'சைட்' என்ற கல்வித் தொலைக்காட்சிச் சோதனை ஆறு மாநிலங்களின் சுமார் 2,400 கிராமங்களை எட்டியது. தமிழ்நாடு அதில் இல்லை. சென்னைத் தொலைக்காட்சி நிலையமே 1975 ஆகஸ்ட் 15 அன்றுதான் தொடங்கப்பட்டது.

'சைட்' திட்டத்தில் காலை ஒளிபரப்பு பிள்ளைகளுக்கானது. அதைவிடக் கவனிக்க வேண்டியது, விடுமுறை நாட்களில் தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு நடந்த அறிவியல் பயிற்சி. தொலைக்காட்சி நிகழ்ச்சி, வானொலி, அச்சிட்ட குறிப்பு, கையால் செய்து பார்க்கும் சோதனை ஆகிய அனைத்தும் அதில் இணைந்திருந்தன. கலப்புமுறை என்ற பெயர் அப்போது இல்லை. ஆனால் செயல் இருந்தது. அதன் பிறகு 1984-85இல் பிபிசி மைக்ரோ கணினிகளைப் பள்ளிகளில் வைத்த 'கிளாஸ்' திட்டமும், 2004 செப்டம்பர் 20 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து கல்விக்கென்றே ஏவப்பட்ட எடுசாட் செயற்கைக்கோளும் வந்தன. அந்தச் செயற்கைக்கோளை அண்டை மாநிலமான கேரளம் விடாப்பிடியாகப் பயன்படுத்தியது. 2005இல் அது தொடங்கிய விக்டர்ஸ் அலைவரிசைதான் 2020 ஜூன் 1 அன்று, பள்ளி திறக்க வேண்டிய அதே நாளில், 'ஃபர்ஸ்ட் பெல்' வகுப்புகளை ஒளிபரப்பியது. பதினைந்து ஆண்டுப் பழக்கத்தின் பலன் அது.

கருவிகள் வந்த வரிசை

தமிழ்நாட்டின் வழி வேறு. கருவியை நேரடியாக வீட்டுக்குக் கொடுப்பது இங்கே ஆட்சிகள் மாறியபோதும் தொடர்ந்த வழக்கம். 2006 செப்டம்பரில் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் 1.5 கோடிக்கும் அதிகமான பெட்டிகள் வழங்கப்பட்டன. அது கல்வித் திட்டம் அல்ல என்றாலும், கூரை வீடுகளிலும் ஒரு திரை வந்து சேர்ந்தது அதனால்தான். 2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் மேல்நிலை மாணவர்களுக்கும் கல்லூரி மாணவர்களுக்குமாக 50 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளைக் கொடுத்தது. பல குடும்பங்களில் அந்த வீட்டுக்கு வந்த முதல் கணினி அதுவே. ஆனால் அதில் எந்தப் பாடத்தை எப்படிப் படிப்பது என்ற ஏற்பாடு கூடவே வரவில்லை. கருவிக்குச் செலவிட்ட அக்கறையில் பாதியைப் பாடத்துக்குச் செலவிட்டிருந்தால் 2020இல் மாநிலம் வேறு நிலையில் இருந்திருக்கும்.

பாடம் 2018இல் வந்தது. மு. அனந்தகிருஷ்ணன் தலைமையிலான குழு வகுத்த புதிய பாடத்திட்டத்தின்படி 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்கு அந்த ஆண்டு வெளியான பாடநூல்களில் கியூஆர் கோடு அச்சிடப்பட்டது. முந்தைய ஆண்டு செப்டம்பரில் மத்திய அரசு தொடங்கிய திக்‌ஷா தளத்தோடு அந்தக் கோடுகள் இணைக்கப்பட்டன. செல்போனைக் காட்டினால் அந்தப் பாடத்துக்குரிய காணொளி திறக்கும். கணக்கு, அறிவியல் நூல்களில் அலகின் இறுதியில் 'இணையச் செயல்பாடு' என்ற பக்கம் உண்டு. கணக்குப் பாடத்தில் அது பெரும்பாலும் ஜியோஜீப்ரா என்ற கணித மென்பொருளின் பயிற்சித்தாளுக்கு அழைத்துச் செல்லும். முக்கோணத்தின் ஓர் உச்சியை விரலால் இழுத்தால் மூன்று கோணங்களும் மாறிக்கொண்டே போகும், கூடுதல் மட்டும் 180 பாகையிலேயே நிற்கும். கரும்பலகையில் எத்தனை முக்கோணம் வரைந்தாலும் கிடைக்காத அனுபவம் இது. வகுப்பில் அந்தக் கோடைத் திறந்து காட்டியது பெரும்பாலும் ஆசிரியரின் சொந்தச் செல்போன், சொந்த டேட்டா. அந்த ஆசிரியர்களின் பங்கு எந்தத் திட்ட அறிக்கையிலும் செலவுக் கணக்காக ஏறவில்லை.

அதையடுத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகள் 6,000க்கும் மேற்பட்டவற்றில் ஹைடெக் லேப் எனப்படும் உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைக்கப்பட்டன. 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பட்டது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகக் கட்டடத்தின் எட்டாம் தளத்தில் படப்பிடிப்புக்கூடம். அரசு கேபிளில் 200ஆம் எண். பாடம் எடுத்தவர்களில் அரசுப் பள்ளி ஆசிரியர்களும் இருந்தார்கள்.

பள்ளி மூடிய காலம்

2020 மார்ச் நடுவில் பள்ளிகள் மூடப்பட்டன. பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு ஜூனில் ரத்தானது. ஜூலையில் கல்வித் தொலைக்காட்சியில் வகுப்புவாரியாகப் பாடங்கள் தொடங்கின; யூடியூபிலும் ஏற்றப்பட்டன. பன்னிரண்டாம் வகுப்பினர் தங்கள் மடிக்கணினியைப் பள்ளிக்குக் கொண்டுபோய், ஹைடெக் லேப்பிலிருந்து காணொளிப் பாடங்களைப் பதிவு செய்துகொள்ள ஏற்பாடானது. இணைய இணைப்பே இல்லாத வீட்டிலும் பாடம் ஓட வழி செய்த ஏற்பாடு அது. அந்த ஆண்டின் முடிவுகளில் மிகவும் புத்திசாலித்தனமானது என்று இதைச் சொல்லலாம்.

தனியார் பள்ளிகள் ஜூம், கூகுள் மீட் வழியே நேரலை வகுப்புகளுக்குப் போயின. சிறு பிள்ளைகள் காலை முதல் மாலை வரை திரைமுன் அமர்த்தப்பட்டதால் எதிர்ப்பு எழுந்தது. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட 'பிரக்யாதா' வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை நாளுக்கு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. அரசுப் பள்ளிகளில் நேரலை வகுப்புக்கு இடமே இல்லாதிருந்தது. தேசிய மாதிரி ஆய்வின் 2017-18ஆம் ஆண்டுக் கணக்குப்படி இந்தியக் கிராமப்புறக் குடும்பங்களில் இணைய வசதி பெற்றவை 14.9 சதவீதம், கணினி வைத்திருந்தவை 4.4 சதவீதம். ஆகவே அரசுப் பள்ளியின் இணையவழிக் கல்வி என்பது நடைமுறையில் வாட்ஸ்அப் குரூப்தான்.

காலையில் ஆசிரியர் யூடியூப் இணைப்பையும் வீட்டுப்பாடத்தையும் குரூப்பில் போடுவார். வீட்டில் இருக்கும் ஒரே ஆண்ட்ராய்டு போன் அப்பாவோடு வேலைக்குப் போயிருக்கும். அவர் இரவு திரும்பியபின், அக்கா முடித்துத் தம்பியின் முறை வரும்போது மணி ஒன்பது ஆகும். நோட்டில் எழுதி, மங்கலான விளக்கில் படமெடுத்து அனுப்புவான். ஆசிரியர் அந்தப் படத்தை விரலால் பெரிதாக்கி, சாய்ந்து விழுந்த எழுத்துகளைத் தேடித் திருத்துவார். மாதக் கடைசியில் ரீசார்ஜ் தீர்ந்த வீட்டின் பிள்ளை குரூப்பிலிருந்து சத்தமில்லாமல் காணாமல் போகும். தொலைக்காட்சிப் பாடத்துக்கு இந்தச் சிக்கல் குறைவு, அதில் வேறொன்று உண்டு: புரியாத இடத்தில் கையை உயர்த்த முடியாது. மூன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எழுத்துக்கூட்டி வாசிப்பதில் தட்டும்போது, தட்டியது எந்த எழுத்தில் என்று திரைக்குத் தெரியாது. பெரிய வகுப்பினர் ஓரளவு தப்பித்தார்கள். இழப்பின் பாரம் சின்னஞ்சிறு பிள்ளைகள்மீது இறங்கியது. இதை முன்கூட்டியே உணர்ந்த ஆசிரியர்கள் சிலர் ஊருக்குள் போய்க் கோயில் திண்ணையிலும் மரத்தடியிலும் பாடம் எடுத்தார்கள்.

9 முதல் 12 வரையிலான வகுப்புகள் 2021 செப்டம்பர் 1 அன்று திரும்பின. 1 முதல் 8 வரை உள்ளவர்கள் நவம்பர் 1 அன்றுதான் பள்ளிக்கு வந்தார்கள். அதாவது ஆரம்ப வகுப்புப் பிள்ளைகளுக்கு 19 மாதங்களுக்கும் மேலாகப் பள்ளி இல்லை. இரண்டாம் வகுப்பில் இருக்க வேண்டிய பிள்ளை முதல் வகுப்பறையைப் பார்த்ததே இல்லை.

இழப்பும் மீட்பும்

ஊரகப் பகுதிகளை ஆராயும் ஏசர் ஆய்வின்படி, தமிழ்நாட்டு மூன்றாம் வகுப்பு மாணவரில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கக்கூடியவர்கள் 2018இல் 10.2 சதவீதமும் 2022இல் 4.8 சதவீதமுமாக இருந்தார்கள். சரிவு பெரியது. 2018இன் எண்ணும் நல்ல எண் அல்ல, அதையும் மறைக்கக் கூடாது.

இன்னும் நுட்பமான சித்திரத்தை அபிஜித் சிங், மவுரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் ஆகியோர் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளிடம் நடத்திய ஆய்வு தந்தது. 2021 டிசம்பரில் அந்தப் பிள்ளைகள், 2019இல் அதே வயதில் இருந்தவர்களைவிடக் கணக்கில் 0.73 திட்ட விலக்கமும் (மதிப்பெண்களின் பரவலை அளக்கும் அலகு) தமிழில் 0.34 திட்ட விலக்கமும் பின்தங்கியிருந்தார்கள். பள்ளி திறந்து ஆறு மாதங்களில் அந்த இடைவெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு அடைக்கப்பட்டது. அந்த மீட்பில் சுமார் கால் பங்கு 'இல்லம் தேடிக் கல்வி' திட்டத்தால் வந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் தொழில்நுட்பம் மிகச் சொற்பம். அந்தந்தத் தெருவின் படித்த இளைஞர்கள், பெரும்பாலும் பெண்கள், மாலை 5 மணி முதல் 7 மணி வரை 20 பிள்ளைகளை வீட்டு வாசலில் உட்கார வைத்து, பாட்டும் விளையாட்டுமாக எழுத்தையும் எண்ணையும் சொல்லிக்கொடுத்தார்கள். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். சுமார் 2 லட்சம் தன்னார்வலர்கள் திரண்டார்கள். தன்னார்வலர் பதிவும் வருகையும் செயலியில் நடந்தன. கற்பித்தல் முழுக்க முழுக்க நேருக்கு நேர். அரும்பாடுபட்டு உருவாக்கிய காணொளிகள் 19 மாதங்களில் தடுக்க முடியாத இழப்பை, தெருமுனை அக்காக்களும் திரும்பிவந்த வகுப்பறையும் ஆறு மாதங்களில் பெருமளவு ஈடுசெய்தார்கள். தமிழ்நாட்டின் பொதுக்கல்வி வரலாற்றில் இது பெருமைப்பட வேண்டிய அத்தியாயம்.

இதை வைத்துக் கணினிவழிக் கற்றலே வீண் என்று முடிவுகட்ட இடமில்லை. 2015இல் டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற மென்பொருளைக் கொண்டு, ஆசிரியர் உதவியோடு நடந்த மாலை வகுப்புகளை முரளிதரனும் சிங்கும் அலெஹாந்த்ரோ கனிமியனும் ஆராய்ந்தார்கள். நாலரை மாதங்களில் கணக்கில் 0.37, இந்தியில் 0.23 திட்ட விலக்க முன்னேற்றம் கிடைத்தது. அந்த மென்பொருள் பிள்ளையின் வகுப்பைப் பார்க்காமல், பிள்ளை உண்மையில் நிற்கும் படியைக் கண்டுபிடித்து அங்கிருந்து தொடங்கியது. நாற்பது பேர் கொண்ட வகுப்பில் ஒரே ஆசிரியரால் செய்ய இயலாத வேலை அது. கருவிக்கு உரிய இடம் இங்கேதான்.

இன்றைய நிலை

2022 ஜூன் 13 அன்று தொடங்கிய 'எண்ணும் எழுத்தும்' திட்டம், இல்லம் தேடிக் கல்வியும் மைண்ட்ஸ்பார்க்கும் தந்த இரு பாடங்களையும் சேர்த்துப் பார்த்தது. முதலில் 1 முதல் 3 வகுப்புகளுக்கு வந்த இத்திட்டத்தில் பிள்ளைகள் வகுப்பின்படி அல்லாமல் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலையின்படி பிரிக்கப்படுகிறார்கள். நிலையைக் கண்டறியும் மதிப்பீடு செயலியில் நடக்கிறது, கற்பிப்பவர் ஆசிரியர். 2023இல் மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனத்தின் 'மணற்கேணி' செயலி பாடநூலை ஒட்டிய காணொளிகளோடு வெளியானது. 2024இல் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு 79,723 கைக்கணினிகள் வழங்கும் பணி தொடங்கியது; தொடக்கப் பள்ளிகளில் 22,931 ஸ்மார்ட் கிளாஸ் வகுப்பறைகள் திட்டமிடப்பட்டன.

பள்ளிகளைப் பொறுத்தவரை, கருவியை வீட்டுக்குக் கொடுத்த காலம் போய், ஆசிரியர் கையிலும் வகுப்பறைச் சுவரிலும் கொடுக்கும் காலம் இது. இந்த மாற்றம் சரியான திசையில் இருக்கிறது. ஆனால் எமிஸ் எனப்படும் கல்வி மேலாண்மைத் தளத்தில் விவரம் ஏற்றுவதும், செயலியில் மதிப்பீடுகளைப் பதிவதும் கற்பிக்கும் நேரத்தைத் தின்கின்றன என்று ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டு வருகின்றன. ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்புகளையும் இருவர் கவனிக்கிறார்கள். அதில் ஒருவர் இணைப்புக் கிடைக்காத கைக்கணினியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினால், அந்த அரை மணி இரண்டு அல்லது மூன்று வகுப்புப் பிள்ளைகளிடமிருந்து எடுக்கப்பட்டது. பதிவேற்றும் வேலைக்குத் தனிப் பணியாளர் வேண்டும் என்ற அவர்களின் கோரிக்கை முழுக்க நியாயமானது.