இடுப்பு மூட்டும் கத்தியின் எல்லையும்

பிறவியிலேயே தொடையெலும்பின் தலை இடுப்புக் குழியில் சரிவரப் பொருந்தாமல் நழுவி நிற்கும் குழந்தைகளின் சிகிச்சைச் சரித்திரத்தில், கத்தியை எடுத்த அத்தியாயங்களைக் காட்டிலும் அதைத் தவிர்க்க வழி தேடிய அத்தியாயங்களே அதிகம். கார்பாலிக் அமிலம் தோலுக்கு ஒவ்வாமற் போனமையால் ரணசிகிச்சையையே கைவிட நேர்ந்த வியன்னா வைத்தியர் அடால்ஃப் லோரன்ஸ், கைகளாலேயே மூட்டை அமர்த்தி, கால்களைத் தவளைபோல் அகல விரித்து, மாவுக்கட்டுப் போடும் முறையால் பெரும்புகழ் பெற்று, 1902இல் சிகாகோ செல்வர் ஒருவரின் மகளுக்காகக் கடல் கடந்தும் சென்றார். அவ்வாறு கட்டுவதால் எலும்பின் தலைக்குச் செல்லும் ரத்தம் தடைப்பட்டு அது சிதைவதுமுண்டு என்பது பின்னரே தெளிவாயிற்று.

1937இல் இத்தாலியரான ஓர்த்தோலானி, சிசுவின் தொடையை விரித்து மெல்ல உயர்த்துகையில் மூட்டு குழிக்குள் திரும்புவதை விரல் நுனியால் உணர்ந்தறியும் பரிசோதனையை விளக்கினார். செக் நாட்டுப் பாவ்லிக், கால் அசைவதற்கு இடங்கொடுக்கும் வார்க்கட்டை அளித்தார். இவற்றால் தீராத குழந்தைகளுக்கென்றே டொராண்டோவில் ராபர்ட் சால்டர் 1957இல் தமது சத்திரசிகிச்சையைத் தொடங்கினார்: குழிக்கு மேலே இடுப்பெலும்பைக் குறுக்கே அறுத்து, கீழ்த்துண்டைத் திருப்பி, அதே எலும்பிலிருந்து வெட்டிய ஆப்பை இடைவெளியிற் செருகி, உலோகக் கம்பிகளால் நிறுத்துவது. குழி ஆழங்குறைந்த குழந்தைகள் பலருக்கு வளர்ச்சியே அதைச் சீராக்கிவிடுவதுண்டாகையால், யாருக்கு அறுப்பது, யாருக்குக் காத்திருப்பது என்னும் விவேகமே இவ்வித்தையின் உயிர்நிலை.

அந்த விவேகம் தவறியதை டப்ளின் நகரம் 2025 மே மாதத்தில் கண்டது. 2021 முதல் 2023 வரை மூன்று மருத்துவமனைகளில் அறுவைக்கு உள்ளான குழந்தைகளில் 147 பேரின் ஏடுகளையும் எக்ஸ்ரே படங்களையும் பிரிட்டிஷ் நிபுணர் ஒருவர் ஆராய்ந்ததில், க்ரம்லினில் ஏறக்குறைய அனைவருமே சிகிச்சைக்குரிய வரம்பை எட்டியிருக்க, கப்பாவில் நூற்றுக்கு எண்பது பேரளவும், டெம்பிள் ஸ்ட்ரீட்டில் அறுபது பேரளவும் எட்டவில்லை என்று வெளிப்பட்டது. ஒரே நகரில், ஒரே நோய்க்கு, கட்டடத்துக்குக் கட்டடம் நியாயம் மாறியதை எந்தத் தாயால் பொறுக்க முடியும்?

2010 முதல் அறுவை செய்யப்பெற்ற குழந்தைகள் எல்லோரையும், எலும்பு வளர்ச்சி நிறையும்வரை கண்காணிக்க வேண்டுமென்று தீர்மானமாயிற்று. பெற்றோருக்கு அனுப்பிய கடிதத்தோடு அக்கடமை முடிந்துவிடாது. படத்தை அவர்கள் கண்முன் வைத்து, அறுத்தது ஏன் என்று விளங்கச் சொல்லவும் வேண்டும். 2023இல் இரண்டு வயதில் அறுவை கண்ட குழந்தைக்கு எலும்பு முதிர்ச்சி 2037ஐ ஒட்டியே வாய்க்கும். அதுவரை அதன் எக்ஸ்ரேயைப் பார்க்க ஒரு வைத்தியர் இருந்தாக வேண்டும்.