படுக்கையும் பகையாகும்

எண்பது வயதைக் கடந்த என் பெரியம்மா, திருகோணமலையில் கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டார். சத்திரசிகிச்சை முடிந்த மறுநாட் காலையில் தாதி ஒருவர் வந்து அவரை எழுப்பி நிறுத்த முற்பட்டார். சுற்றி நின்ற உறவினர் பதறினர். "என்ன மிஸ், வெட்டின காயத்தோட ஆளை எழுப்புறியள்?" என்று கேட்டவன் நான்தான். "கிடக்க விட்டால்தான் ஐயா பயம்" என்றார் அவர். அச்சிறு மறுமொழிக்குப் பின்னால் நெடியதொரு வரலாறு இருப்பதைப் பின்னரே அறிந்தேன்.

இரத்தம் நாளங்களுக்குள் உறைவதற்கு மூன்று காரணங்களை வகுத்தவர் ஜெர்மானிய மருத்துவர் ருடோல்ஃப் விர்ச்சோ. 1856 இல் வெளிவந்த அவரது ஆய்வுகளிலிருந்து பிறந்த கருத்து அது. ஓட்டம் தேங்குதல், நாளச் சுவர் பழுதடைதல், இரத்தத்தின் உறையுந்தன்மை கூடுதல் என்பனவே அவை. இடுப்பு முறிந்த முதியவரிடம் இம்மூன்றும் ஒருங்கே கூடுகின்றன. காலில் உருவாகும் கட்டி பெயர்ந்து நுரையீரலை அடைத்தால் கணப்பொழுதில் உயிர் போகக்கூடும்.

1942 ஏப்ரல் 9 இல் ஜப்பானிய விமானங்கள் நமது துறைமுகத்தின்மீது குண்டு வீசின. அதே உலகப் போரில், அதற்கு ஈராண்டுகளுக்கு முன்னர், லண்டன் மக்கள் பதுங்கிடங்களில் இரவிரவாகச் சாய்வு நாற்காலிகளிலே முடங்கிக் கிடந்தனர். குண்டுக்குத் தப்பியவர்களுட் சிலர் நுரையீரல் அடைப்பினால் மாண்டதை மருத்துவர் கீத் சிம்ப்சன் 1940 இல் எடுத்துரைத்தார். அசையாதிருத்தலே அங்கு எமனாயிற்று. 1947 இல் ரிச்சர்ட் ஆஷர் என்ற மருத்துவர், நோயாளியைப் படுக்கையிலேயே வைத்திருப்பதன் கேடுகளை அடுக்கி எழுதினார்.

1959 இல் செவிற், கலகர் ஆகிய இருவரும் இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் இடுப்பு முறிந்த 300 முதியவர்களிடம் நடத்திய ஆய்வை வெளியிட்டனர். உறைதலைத் தடுக்கும் மருந்து பெற்ற பாதியினரிடையே மரணங்கள் வெகுவாகக் குறைந்திருந்தன. இந்தியாவிற் பிறந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய் காக்கர் தலைமையில் நடந்த பன்னாட்டு ஆய்வு 1975 இல் வெளிவந்தது. பல்வேறு பெரிய சத்திரசிகிச்சைகளுக்கு உட்பட்ட நாலாயிரத்துக்கு மேற்பட்டோர் அதில் இடம்பெற்றனர். ஹெபரின் ஊசி பெறாதோரில் 16 பேரும், பெற்றோரில் இருவரும் நுரையீரல் அடைப்பினால் இறந்தனர்.

ஆயினும் ஊசி மட்டும் போதாது. பாதத்தை மேலுங்கீழும் அசைக்கச் செய்தல், போதிய நீர் அருந்தச் செய்தல், ஒரு காலின் கெண்டைப்பகுதி மட்டும் வீங்கிச் சூடேறுகிறதா எனத் தினமும் பார்த்தல், திடீர் மூச்சிரைப்பையும் நெஞ்சுநோவையும் உடனே வைத்தியருக்கு அறிவித்தல் யாவும் தாதியரின் கடமை. வீங்கிய காலுக்கு எண்ணெய் பூசி அமுக்க முனையும் உறவினரைத் தடுப்பதும் அவர்கள்தாம். கட்டி பெயர்வதற்கு அந்த அன்பே காரணமாகிவிடலாம்.

இன்னொன்றையும் இங்கு சொல்லவேண்டும். இரத்தம் தேங்குவது சத்திரசிகிச்சை மேசையில் அல்ல, விழுந்த இடத்திலேயே தொடங்கிவிடுகிறது. 2009 ஒக்டோபரில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, அக்கரையில் விழுந்த முதியவர் நகருக்கு வரப் பாதைப் படகுக்குக் காத்திருக்க வேண்டியிருந்தது. போர்க்காலத்துச் சோதனைச் சாவடிகள் வேறு. அசையாது கிடந்த அந்த மணித்தியாலங்களை எந்த மருத்துவக் குறிப்பேடும் கணக்கிட்டிராது.

இன்று பாலம் இருக்கிறது, மருந்தும் இருக்கிறது. தடையாக எஞ்சியிருப்பது பெரும்பாலும் நமது பரிவுதான். "அசையாமல் கிடவுங்கோ" என்பதே முதியோருக்கு நாம் செய்யும் பணிவிடை என்று எண்ணுகிறோம். வீடு திரும்பிய பின்னரும் ஊசியை வைத்தியர் குறித்த நாள்வரை நிறுத்தாதிருப்பதும், கைபிடித்து நடத்துவதுமே மெய்யான பணிவிடை.

பெரியம்மா அன்று முக்கி முனகி நான்கு அடி வைத்தார். அதன்பின் சில ஆண்டுகள் தம் வீட்டு முற்றத்திலே நடந்தார். அந்தத் தாதியிடம் நான் மன்னிப்புக் கேட்கவில்லை. இக்கட்டுரையை அதற்கீடாகக் கொள்க.